அப்பா வெச்ச புத்தகம் ஏன் நொறுங்குது? உங்க கேள்விக்கு விளக்கம்

வணக்கம். உட்லண்ட்ஸ்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க அப்பா சேர்த்து வெச்ச தமிழ்ப் புத்தகங்கள், 1950, 60கள்ல வந்ததாம். பக்கத்தைத் திருப்பினாலே ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குதாம். அதே அலமாரியில அவங்க 1990கள் கடைசியில எடுத்த ஜெராக்ஸ் நோட்ஸ் இன்னும் வெள்ளையா இருக்காம். "நம்ம ஊரு ஈரந்தான் காரணமா?"ன்னு கேக்குறாங்க.

அக்கா, ஒரே அலமாரி, ஒரே ஈரம். அப்போ வித்தியாசம் தாளுக்குள்ளதான் இருக்கணும். ஈரத்துக்கும் இதுல பங்கு இருக்கு, ஆனா அது மூல காரணம் இல்ல.

மரக்கூழை வெறுமனே காய வெச்சுத் தாளாக்கினா, அது டிஷ்யூ மாதிரி தண்ணிய இழுக்கும். பேனா வெச்சா மை பரவிடும். அதைத் தடுக்கத்தான் சைசிங். நெசவுல பாவு நூலுக்குக் கஞ்சி போடுறோம்ல, பேரு அங்கயும் சைசிங்தான். முன்னாடி ஒவ்வொரு தாளையும் ஜெலட்டின் கரைசல்ல முக்கி எடுத்துக் காயப் போட்டாங்க. 1807ல ஜெர்மனியில இலிக்ங்கறவர் வேற வழி சொன்னார். கூழ்த் தொட்டியிலயே ரோசினைப் போடு, கூடவே ஆலம்ங்கற படிகார வகை உப்பைப் போடுன்னார். ரோசின்னா பைன் மரத்துப் பிசின்ல இருந்து வர்றது. அது தானா நார்ல ஒட்டாது, ஆலம்தான் பிடிச்சு ஒட்ட வைக்கும். மலிவு, சுலபம். ஏறக்குறைய 150 வருஷம் உலகத்துத் தாள் பெரும்பாலும் இப்படித்தான் வந்துச்சு.

இந்த ஆலம் அலுமினியம் சல்ஃபேட். தண்ணியில சேர்ந்தா அமிலத்தன்மை வந்துடும். கூழே பிஎச் 4, 5ல, அதாவது அமிலமாவே ஓடும். தாள் காஞ்சாலும் அந்த அமிலம் உள்ளயே தங்கிடும். காத்துல இருக்கிற ஈரத்தோட சேர்ந்து, நாரோட முக்கியப் பொருளான செல்லுலோஸோட நீளமான சங்கிலிய அங்கங்க வெட்டிக்கிட்டே இருக்கும். சங்கிலி குட்டையாகக் குட்டையாக, மடிச்ச இடத்துல தாள் முறியும். சிங்கப்பூர்ல சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல, கூடவே வெக்கை. அதனால இங்க இது வேகமா நடக்கும். விலை குறைஞ்ச புத்தகத்துல அரைச்ச மரக்கூழும் கலந்திருக்கும். அதுல இருக்கிற லிக்னின்ங்கற மரப்பொருள் வெளிச்சம் பட்டுப் பழுத்துப் போகும். 1950கள்ல அமெரிக்காவுல வர்ஜீனியாவுல பாரோங்கறவர் பழைய புத்தகங்களை ஒண்ணொண்ணா சோதிச்சுப் பார்த்துத்தான், இந்த ஆலம் அமிலத்தை முக்கிய குற்றவாளியாக் காட்டினார்.

சரி, ஆலைகள் ஏன் மாறுச்சு? பெரும்பாலும் புத்தகத்துக்காக இல்ல, சுண்ணத்துக்காக! சுண்ணம்னா கால்சியம் கார்பனேட் பொடி. அது நாரை விட மலிவு, தாளுக்கு நல்ல வெண்மையும் கொடுக்கும். ஆனா அமிலத்துல போட்டா நுரைச்சுக் கரைஞ்சுடும். அதனால ஆலம் இல்லாம வேலை செய்யுற சைசிங் மருந்து தேவைப்பட்டுச்சு. 1950கள்ல ஏகேடிங்கற இரசாயனம் வந்துச்சு, அப்புறம் ஏஎஸ்ஏங்கற இன்னொண்ணு. இப்போ உங்க ஆபீஸ் ஏ4 தாள்ல சாதாரணமா அஞ்சுல ஒரு பங்கு சுண்ணம். சில ஆலைகள்ல சூளைப் புகையில இருக்கிற கார்பன் டை ஆக்சைடை வெச்சே அந்தச் சுண்ணத்தைத் தயார் பண்றாங்க.

நான் ஜூரோங்ல இருந்துக்கிட்டு ஆலைகளுக்கு இந்த இரசாயனங்களைக் கொடுக்கிற வேலை பார்த்தவன். சுமத்ராவுல ஒரு ஆலை அமிலத்துல இருந்து மாறின அன்னைக்கு நான் கூட இருந்தேன். பழைய அமிலத் தாளோட கழிவைத் திரும்பக் கரைச்சு உள்ள விட்டுட்டாங்க. அது சுண்ணத்தோட சேர்ந்ததும் நுரை பொங்கித் தொட்டி வழிஞ்சு, தரையெல்லாம் ஓடுச்சு. ராத்திரி முழுக்க மெஷின் ஓடல. கழிவை முதல்ல காலி பண்ணிட்டுத்தான் மாறணும்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மெஷின்ல வயர்ங்கற வலை மேல விழுற கூழ்ல 99 சதவீதம் தண்ணி. அந்தப் பொடிச் சுண்ணம் ஏன் தண்ணியோட போயிடல? நாருக்கும் சுண்ணத்துக்கும் பொதுவா எதிர்மின்னூட்டம், ஒண்ணை ஒண்ணு தள்ளும். நேர்மின்னூட்டம் ஏத்தின ஸ்டார்ச்சும், டன்னுக்குச் சில நூறு கிராம் பாலிமரும் போட்டா, ரெண்டையும் சேர்த்துக் கட்டிப் பிடிச்சுக்கும். அவ்வளவு கொஞ்ச மருந்து, அவ்வளவு பெரிய மாற்றம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அந்தச் சுண்ணம் தாள்லயே இருந்து, பின்னாடி வர்ற அமிலத்தையும் அடக்கும். உங்க நோட்ஸ் தாளும் அநேகமா இந்த வகைதான். நிரந்தரத் தாளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9706, 1994ல வந்தது, குறைஞ்சது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட் அளவுக்கு இந்தக் காரச் சேமிப்பு வேணும்னு சொல்லுது. வட்டத்துக்குள்ள முடிவிலிக் குறி போட்ட புத்தகம் பார்த்தா, அது நிரந்தரத் தாள்.

உங்க புத்தகத்துக்கு வருவோம் அக்கா. அமிலத்தை நீக்குற சிகிச்சை இருக்கு. அது மேற்கொண்டு கெடுறதை மெதுவாக்கும், போன பலத்தைத் திருப்பித் தராது. அதனால முதல்ல படம் எடுத்து வெச்சுடுங்க. புத்தகத்தை முழுசா விரிச்சு அமுக்காதீங்க, பாதி திறந்தா போதும். செலோடேப், லேமினேஷன் ரெண்டும் வேண்டவே வேண்டாம். உள்ள வெச்சிருக்கிற பழைய பேப்பர் துண்டுகளை எடுத்துடுங்க, அதோட அமிலம் பக்கத்துத் தாளுக்கும் இறங்கும். கேமரா வைக்கிற ட்ரை கேபினெட் இருந்தா 50 சதவீதம் பக்கமா வைங்க.

தேசிய நூலக வாரியம் 2015ல, 1965ல இருந்து வந்த ஐம்பது வருஷத்துச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்குச்சு. உங்கப்பா புத்தகங்கள்ல சிலது அதுக்கும் முந்தினது. முன்பக்கத்துல அச்சகத்து முகவரியப் பாருங்க. சிங்கப்பூர்னோ பினாங்குன்னோ போட்டிருந்தா, அதைத் தனியா எடுத்து வெச்சுட்டு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துல, அவங்ககிட்ட அது இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க.