வலி மருந்து தேடும் சிறு நிறுவனங்களும் அவற்றில் போடும் பணமும்

நேயர்களுக்கு வணக்கம். ஓபியாய்டு எனப்படும் அபினி வகையைச் சேராத வலி மருந்துகளை உருவாக்க முயலும் தொடக்கநிலை நிறுவனங்களில் முதலீடு செய்வது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். மருந்து ஆராய்ச்சியில் வேலை பார்த்துவிட்டு, பிற்பாடு இத்தகைய நிறுவனங்களின் ஆய்வு ஆவணங்களை முதலீட்டாளர்களுக்காகப் படித்துக் கருத்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் நான். பிடித்தமான பொருள் என்பதால் சில இடங்களில் நீட்டிப் பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பங்கை வாங்கலாம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய நிறுவனத்தார் நம்முன் வந்து தங்கள் மருந்து நரம்பின் எந்த மூலையில் போய் எதை அடைக்கிறது என்று அழகாக விளக்குவார்கள். அதைக் கேட்டு மயங்கிவிடாமல், யாருடைய எந்த வலியில், எதோடு ஒப்பிட்டு இதை நிரூபிக்கப்போகிறீர்கள் என்றும், நிரூபித்த பிறகு இதற்குப் பணம் கொடுக்கப்போவது யார் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் நான் இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இந்தத் தேடலுக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு அவசரம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1996இல் பர்டியூ பார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை விற்ற முறைக்காக அந்நிறுவனம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் தொடங்கிய சீரழிவு ஹெராயினுக்கும் பிறகு கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் போய், 2022ஆம் ஆண்டில் மட்டும் ஓபியாய்டை அளவுக்கு மீறி உட்கொண்டதால் அந்நாட்டில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகையால் அபினியைப் போல வலியைத் தணித்து, அபினியைப் போல ஆளைப் பிடித்துக்கொள்ளாத ஒரு மருந்து வந்தால் அதற்குச் சந்தை காத்திருக்கிறது என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மருத்துவமனைகள் அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கியதால், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களுக்குக்கூட அது கிடைக்கவில்லை. 2014இல்தான் சட்டம் தளர்த்தப்பட்டது. ஓபியாய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தை காத்திருக்கிறது என்றால் பணம் வந்து குவிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். குவியவில்லை. அமெரிக்க உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வரும் புதுவகை வலி மருந்து ஒன்று கடைசியில் அனுமதி பெறும் வாய்ப்பு 0.7 விழுக்காடு, எல்லா நோய்களுக்கான புதுவகை மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தால் அது 6.5 விழுக்காடு. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு என் கணிப்பில் முதன்மையான காரணம், வலியை அளக்கக் கருவி இல்லை என்பதுதான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எண் வருகிறது. வலிக்கு, பூச்சியத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று நோயாளியைத்தான் கேட்க வேண்டும். எலி அதைச் சொல்லாது. சூடான தட்டில் வைத்தால் எலி எத்தனை நொடியில் காலைத் தூக்குகிறது என்று பார்த்துவிட்டு, பத்து ஆண்டுகளாக முதுகுவலியோடு வாழும் ஒருவருக்கு அதிலிருந்து முடிவு சொல்வது பெரிய தாவல். மனிதரிடம் வந்த பிறகோ மருந்துப்போலியின் தொல்லை. வெறும் மாவு மாத்திரையை விழுங்கியவர்களுக்கும் வலி குறைகிறது. போதாக்குறைக்கு, நரம்புவலிச் சோதனைகளில் இந்த மருந்துப்போலியின் பயன் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆண்டு கூடிவந்திருப்பதை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த மிளகாய்க் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு வலியின் இயல்பு பாதி புரிந்திருக்கும். அங்கே நெருப்பு இல்லை, புண் இல்லை. எரிச்சல் மட்டும் இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்பு முனையில் இருக்கும் ஒரு வாயிலைத் திறந்துவிடுவதால், மூளைக்குச் சுடுகிறது என்ற செய்தி போகிறது. அந்த வாயிலை 1997இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வாயில் தெரிந்துவிட்டது, இனி அதை அடைத்தால் வலி நின்றுவிடும் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் மருந்து தயாரிக்க இறங்கின. ஆம்ஜென் நிறுவனத்தின் மருந்து சோதனைக்கு வந்தபோது, கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்கள் சிலருக்கு உடல் சூடு 40 பாகை செல்சியஸை எட்டியது. அந்த வாயில் உடலின் வெப்பத்தைக் காப்பதிலும் பங்கு கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எலிகளிடம் வலியையே தேடிக்கொண்டிருந்ததால் அவற்றின் உடல் சூடு ஏறியதன் பொருள் முழுதாக விளங்கவில்லை.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. முதலீட்டாளர் கேட்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் நியூரோஜெஸெக்ஸ் என்று ஒரு சிறு நிறுவனம் இருந்தது. அவர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். வாயிலை அடைப்பதற்குப் பதிலாக அளவுக்கு மீறித் திறந்துவிட்டால், அந்த நரம்பு முனை சில மாதங்களுக்குத் தளர்ந்து ஒடுங்கிவிடும் என்பது அவர்கள் வழி. எட்டு விழுக்காடு கேப்சைசின் கொண்ட ஓர் ஒட்டுப்பட்டையைச் செய்தார்கள். 2007இல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். 2009 நவம்பரில், அக்கி ஆறிய பின்னும் நீடிக்கும் நரம்புவலிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியையும் பெற்றார்கள். நூற்றுக்கு ஒன்று தேறாத துறையில் தேறிவிட்டார்கள். தொடக்கத்திலேயே பணம் போட்டவர் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் 2013இல் அந்தப் பட்டையை அகார்டா என்ற வேறொரு நிறுவனத்திடம் விற்றுவிட்டு அவர்கள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று.

ஏன் என்று பாருங்கள். அந்தப் பட்டையை நோயாளி வீட்டில் ஒட்டிக்கொள்ள முடியாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் தோலை மரத்துப்போகச் செய்ய வேண்டும். கையுறை அணிந்த ஒருவர் பட்டையை ஒட்டி, ஒரு மணி நேரம் கூடவே இருந்து, பிறகு எடுத்துத் துடைத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அறையெங்கும் மிளகாய் நெடி. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு நாலைந்து நோயாளிகளைப் பார்க்கக்கூடிய மருத்துவர் எதற்காக இதைச் செய்வார், காப்பீட்டு நிறுவனம் அவருக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்விகள் அனுமதிக் கடிதத்தில் இல்லை. பிற்காலத்தில் ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் அதை வாங்கி, 2020இல் சர்க்கரை நோயாளிகளின் பாத நரம்புவலிக்கும் அனுமதி பெற்றது. மருந்து இன்றும் விற்பனையில் இருக்கிறது. முதலில் பணம் போட்டவர்களுக்கு அதனால் பயனில்லை. மருந்து பிழைத்து நிறுவனம் மடிவது இந்தத் துறையில் நடக்கக்கூடியது என்பதால்தான், பணம் கொடுக்கப்போவது யார் என்ற கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து சோடியம் வாயில்கள். பல் மருத்துவர் ஈறில் போடும் ஊசி தாடையையே மரத்துப்போகச் செய்வது, நரம்பில் மின்செய்தி ஓடத் தேவையான சோடியம் வாயில்களை அது அடைத்துவிடுவதால்தான். இந்த வாயில்களில் ஒன்பது வகைகள் உண்டு. இதயத்துக்கு ஒன்று, தசைக்கு ஒன்று, மூளைக்குச் சில என்று பிரிந்திருப்பதால், எல்லாவற்றையும் அடைக்கும் மருந்தை உடல் முழுவதும் செலுத்தினால் ஆபத்து. வலி நரம்பில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து அடைக்க வேண்டும். 2006இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வட பாகிஸ்தானின் மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களை அங்கே இழுத்துச் சென்றது ஒரு சிறுவனின் கதை. அவன் தெருவில் கத்தியால் கையைக் குத்திக்கொண்டும் தணலில் நடந்தும் வித்தை காட்டிப் பிழைத்தவன். வலி என்பதே அவனுக்குத் தெரியாது. பதினான்கு வயது நிறைவதற்குள் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அந்தக் குடும்பங்களில் 1.7 என்று எண்ணிடப்பட்ட வாயில் பிறவியிலேயே செயலற்றிருந்தது. இதைவிடத் தெளிவான சான்று மனிதரிடம் கிடைக்குமா? பல நிறுவனங்கள் அந்த எண்ணை நம்பி இறங்கின. ஃபைசர் நிறுவனம் அதை அடைக்கும் மாத்திரையைச் சர்க்கரை நோயாளிகளின் நரம்புவலியில் சோதித்தது. போதிய பலன் இல்லை. 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இதே குறையோடு பிறந்த ஒரு பெண்ணுக்கு, ஓபியாய்டின் செயலை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது அவருக்கு வலி தெரிந்தது. அப்படியென்றால், பிறவியிலேயே அந்த வாயில் இல்லாதவரின் உடல் தனக்குள்ளேயே சுரக்கும் அபினி போன்ற பொருளைக் கூட்டிக்கொண்டிருந்தது; வளர்ந்த பின் மாத்திரையால் அடைப்பது அதற்கு ஈடாகாது. அபினியை விட்டு விலகப் போனவர்களுக்கு அங்கேயும் அபினியே காத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1.8 என்ற வாயிலைப் பிடித்த வெர்டெக்ஸ் நிறுவனம்தான் கடைசியில் கரையேறியது. 2001இல் அவர்கள் வாங்கிய ஆரோரா என்ற சான் டியேகோ நிறுவனத்திலிருந்து தொடங்கி, இடையில் பல மூலக்கூறுகளைக் கைவிட்டு, சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரி 30ஆம் நாள் அனுமதி பெற்றார்கள். எந்த வலியில் சோதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: வயிற்றின் தொங்கு தோலை நீக்கும் அறுவை, கால் பெருவிரல் எலும்புப் புடைப்பை நீக்கும் அறுவை. இரண்டும் புதிய காயங்கள். எப்போது தொடங்கும், எப்போது தணியும் என்று முன்கூட்டியே தெரிந்த வலிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் மருந்துப்போலியைத் தெளிவாக வென்றது. ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு சேர்ந்த பழைய கூட்டு மாத்திரையை வெல்லவில்லை. அதே மருந்தை முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நாட்பட்ட நரம்புவலியில் சோதித்தபோது மருந்து உண்டவர்களுக்குச் சராசரியாக 2.02 புள்ளியும், மாவு மாத்திரை உண்டவர்களுக்கு 1.98 புள்ளியும் வலி குறைந்திருந்தது. 2024 டிசம்பரில் இது வெளிவந்த நாளில் பங்கு விலை ஏறத்தாழ 11 விழுக்காடு இறங்கியது. மருந்து அதேதான், வாயில் அதேதான். மாறியது வலி மட்டும். நாட்பட்ட வலியில்தான் பெரும் சந்தை இருக்கிறது என்று நிறுவனத்தார் சொல்வார்கள். மருந்துப்போலி பெரிதாக வெல்வதும் அங்கேதான்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் சுசெட்ரிஜின் சந்தைக்கு வந்தபோது மாத்திரை ஒன்று 15 டாலர் 50 சென்ட். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 31 டாலர். அதற்குப் போட்டியாகக் கடையில் இருப்பவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழைய மாத்திரைகள். 2025 ஜனவரி முதல், மூத்தோருக்கான மெடிக்கேர் காப்பீடு புறநோயாளி அறுவைகளில் தகுதிபெறும் ஓபியாய்டு அல்லாத சில மருந்துகளுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதைச் சிறு நிறுவனங்கள் பெரிதாகச் சொல்கின்றன. அது நல்ல சட்டம்தான். ஆனால் 2027 வரைக்குமே வகைசெய்யப்பட்டது. இன்று தொடங்கும் நிறுவனத்தின் மருந்து அதற்குள் கடைக்கு வராது.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். முதலீட்டு ஒப்பந்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். பணத்தை ஒரே தவணையில் கொடுக்காமல், நச்சுத்தன்மைச் சோதனை முடிந்ததும் இவ்வளவு, முதல் மனிதச் சோதனை முடிந்ததும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். அதில் அடுத்த படியை அடைந்துவிட்டதாக யார் தீர்மானிப்பது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காப்புரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள். சோதனைகளுக்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டால் விற்பதற்கு எத்தனை ஆண்டுகள் மிஞ்சும் என்று கணக்குப் பாருங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வலி, ஓபியாய்டு அடிமைத்தனம் பற்றிய ஆய்வுகளுக்காக 2018இல் தொடங்கிய ஹீல் திட்டத்தில் மானியம் பெற்றிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பணத்துக்காகப் பங்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பிறகு, செய்தித்தாளில் வரும் பெரிய தொகைகள். 2025 மே மாதம் எலி லில்லி நிறுவனம், 1.8 வாயிலை அடைக்கும் மருந்தை வைத்திருந்த சைட்ஒன் என்ற சிறு நிறுவனத்தை நூறு கோடி டாலர் வரை கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. அந்த நூறு கோடியும் கையெழுத்திட்ட அன்றே கொடுக்கப்படுவதில்லை. ஒரு பகுதி, மருந்து அனுமதியும் விற்பனை இலக்குகளும் கைகூடினால் மட்டுமே வரும். உங்களிடம் காட்டப்படும் கணக்கில் அந்த முழுத் தொகை உதாரணமாக எழுதப்பட்டிருந்தால், உடனே கிடைத்த தொகையையும் நிபந்தனைக்கு உட்பட்ட தொகையையும் தனித்தனியாக எழுதித் தருமாறு கேளுங்கள். மற்றவற்றை நேயர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும்போது சொல்கிறேன். நன்றி, வணக்கம்.