காயம்பட்டவர் கடன்காரர் அல்ல

நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்களை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். ஆனால் இன்றைக்கு ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஆட்டத்தைப் பார்க்கிற நம்மைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு வீரருக்குக் காயம் என்ற செய்தி வந்ததும் ரசிகர்களாகிய நாம் என்னென்ன சொல்கிறோம் என்பதுதான் பேச்சு.

நாலு ரசிகர்கள் கூடினால் காதில் விழும் வாக்கியங்கள் இவை. "வாங்குகிற சம்பளத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடினார்?" "இவருக்குக் கண்ணாடி உடம்பு." "போன வருடமே வேறு அணிக்கு ட்ரேட் பண்ணியிருக்க வேண்டும்." முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் வீரர் கடன் வாங்கியவர் போலவும் நாம் வசூலுக்குப் போனவர்கள் போலவும் ஒரு தொனி இருக்கிறது. பல வருடங்களாக என்னை உறுத்துவது அந்தத் தொனிதான்.

டெரிக் ரோஸ் கதையிலிருந்து தொடங்குகிறேன். கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கும் இது புரியும்.

ரோஸ் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். புது வீரர்களை அணிகள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2008 டிராஃப்டில் முதலில் தேர்ந்தெடுக்கும் இடம் சிகாகோ புல்ஸுக்குக் கிடைக்க வாய்ப்பு வெறும் 1.7 சதவீதம். குலுக்கலில் அதுவே வந்தது. சொந்த ஊர் அணி சொந்த ஊர்ப் பையனை எடுத்துக்கொண்டது. 2011-ல் தொடரின் மிகச் சிறந்த வீரர் என்ற எம்விபி விருதை வாங்கினார். அப்போது வயது 22. அந்த விருதை அவ்வளவு சின்ன வயதில் வேறு யாரும் வாங்கியதில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் புல்ஸ் அவருக்கு 5 வருட ஒப்பந்தம் கொடுத்தது, சுமார் 9.5 கோடி டாலர்.

2012 ஏப்ரல் 28. கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுகளில் முதல் ஆட்டம், எதிரில் பிலடெல்பியா. முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கிறது, புல்ஸ் 12 புள்ளி முன்னிலை. ரோஸ் உள்ளே புகுந்து, இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்கப் பார்க்கிறார். யாரும் மோதவில்லை, தள்ளவில்லை. இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏசிஎல் கிழிந்துவிட்டது. முழங்காலுக்கு நடுவில், சுண்டுவிரலை விடக் குட்டையாக ஒரு தசைநார். ஓடுகிற ஆள் சட்டென்று நின்று திரும்பும்போது மூட்டு நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். ரோஸின் ஆட்டமே நிற்பதும் திரும்புவதும்தான்.

இவ்வளவும் முன்கதை. நான் சொல்ல வந்தது அடுத்த வருடம் நடந்ததை.

2013 மார்ச்சில், ரோஸ் விளையாடலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. பயிற்சியில் நன்றாக ஆடுகிறார் என்றும் சொன்னார்கள். ஆனால் அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. ப்ளேஆஃப் தொடங்கியது, முதல் சுற்றில் எதிரணி புரூக்ளின். அப்போது புல்ஸ் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். லூவல் டெங் மருத்துவமனையில். கர்க் ஹைன்ரிக்குக் காலில் காயம். நேட் ராபின்சன் காய்ச்சலோடு ஆடி, ஆட்டத்துக்கு நடுவே வாந்தி எடுக்கிறார். ஜோகிம் நோவாவுக்குக் காலை ஊன்றினாலே பாதத்தில் வலி. அந்த நோவா, வெளியூரில் நடந்த 7-வது ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து, தவறிய எறிதல்களின் பந்தை 14 முறை பிடித்து, எதிரணி எறிதல்களை 6 முறை தட்டிவிட்டு அணியைக் கரை சேர்த்தார். கேமரா அடிக்கடி பெஞ்சுப் பக்கம் திரும்பும். அங்கே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ரோஸ் உட்கார்ந்திருப்பார்.

ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. "வாந்தி எடுத்துக்கொண்டு ஒருவர் ஆடுகிறார், இவருக்கு என்ன?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியே பிசகு என்று தெரிகிறது. காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிடும். கிழிந்த ஏசிஎல்லைப் பொதுவாகத் தைத்துச் சரிசெய்வதில்லை. பெரும்பாலும் அந்த ஆளின் உடம்பிலேயே வேறொரு இடத்திலிருந்து நாண் எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். பொருத்திய துண்டு உயிருள்ள தசைநாராக மாறவே மாதக்கணக்கில் ஆகும். அதற்கு அப்புறம் பயம் என்று ஒன்று இருக்கிறது. மாடிப்படியில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அடுத்த ஆறு மாதம் அந்தப் படி வந்ததும் கை தானாகக் கைப்பிடியைத் தேடும். மருத்துவர் சரி என்று சொல்வது வேறு, கால் சரி என்று சொல்வது வேறு. எந்தப் பரிசோதனையில் பாஸ் ஆனாலும் சரி, கால் சொல்வது அந்த ஆள் ஒருவருக்குத்தான் கேட்கும்.

ரோஸ் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. அடுத்த சீசன் வந்தார். 2013 நவம்பரில் போர்ட்லேண்டில் வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து மறுபடி வெளியே போனார். இந்த முறை மற்ற கால். ஒரு வருடம் கழித்து, விளையாட்டு முடிந்த பிற்கால வாழ்க்கையையும் நினைக்கிறேன், மகனின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகும்போது உடம்பெல்லாம் வலியோடு இருக்க விரும்பவில்லை என்ற பொருளில் பேசினார். அதற்கும் ஏச்சு கிடைத்தது. மகனின் பட்டமளிப்புக்கு வலியில்லாமல் நடந்து போக நினைக்காத தகப்பன் உண்டா?

அப்புறம் அணி மேல் அணியாக மாறினார். ஆட்டத்தை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு மனம் சோர்ந்த காலமும் வந்தது. 2018 அக்டோபர் 31, மின்னசோட்டா அணியில் இருக்கிறார், வயது 30. எதிரில் யூட்டா. அன்று 50 புள்ளி எடுத்தார். எம்விபி வாங்கிய வருடத்தில்கூட எடுக்காத 50. கடைசி நொடிகளில் எதிரணி எறிந்த மூன்று புள்ளி எறிதலை அவரே கையால் தட்டிவிட்டார். 128-க்கு 125 என்று ஜெயித்தார்கள். விசில் ஊதியதும் அழுதார். சக வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது. 2013-ல் அவரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

ரோஸைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். ஆனால் அவருக்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

ஐசேயா தாமஸ். உயரம் 5 அடி 9 அங்குலம். 2011 டிராஃப்டில் கடைசி ஆள், 60-வது. 2016-17 சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸுக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார். அவருடைய ஒப்பந்தமோ 4 வருடத்துக்கு வெறும் 2.7 கோடி டாலர். அந்த அளவில் ஆடுபவர்கள் அதை ஒரே வருடத்தில் வாங்குவார்கள். ப்ளேஆஃபுக்கு முந்தின நாள் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் ஆட வந்தார். மே 2, அந்தத் தங்கையின் பிறந்த நாள். வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளி எடுத்தார். இத்தனையும் இடுப்பு மூட்டுக் காயத்தோடு. வலி தாங்க முடியாமல் போய், அடுத்த சுற்றில் இரண்டு ஆட்டத்தோடு நிறுத்தினார்கள்.

ரசிகர்கள் கொண்டாடினோம். இவரல்லவோ வீரர் என்றோம். மூன்று மாதத்தில் செல்டிக்ஸ் அவரை கிளீவ்லேண்டுக்கு ட்ரேட் செய்தது. அந்த இடுப்பு பழையபடி ஆகவே இல்லை. பெரிய ஒப்பந்தம் கிடைக்க வேண்டிய 2018 கோடையில், அனுபவ வீரர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளத்துக்கு டென்வரில் கையெழுத்துப் போட்டார். சுமார் 20 லட்சம் டாலர்.

காத்திருந்தவர் ஏச்சு வாங்கினார், காத்திருக்காதவர் பணத்தை இழந்தார். நம் கைத்தட்டலை வைத்துக்கொண்டு தாமஸ் என்ன செய்ய முடிந்தது? அதனால்தான் சொல்கிறேன், கால் யாருடையதோ முடிவும் அவருடையது.

சரி, ரசிகனின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். "முதலாளி பணம் போனால் உனக்கென்ன?" என்று ரசிகனைக் கேட்டுவிடலாம். ஆனால் என்பிஏவில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. 2025-26-க்கு ஓர் அணிக்கு சுமார் 15.5 கோடி டாலர். சில விதிவிலக்குகளை வைத்துக்கொண்டு அதைத் தாண்டலாம், தாண்டத் தாண்ட வரியும் தடைகளும் கூடும். ஒரே வீரர், தொடரில் இருந்த வருடங்களைப் பொறுத்து, அந்த வரம்பில் 25, 30, அல்லது 35 சதவீதம் வரை வாங்கலாம். ஒரே குடத்துத் தண்ணீரைப் பதினைந்து பேர் குடிக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு ஒருவருக்கே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் காயத்தால் வெளியே உட்கார்ந்தாலும் அவர் பங்கு குடத்தில் கணக்காகத்தான் இருக்கும். அந்த இடத்துக்கு அவரைப் போல இன்னொருவரை வாங்க வழியில்லாமல் போகும். ரசிகனுக்கு உண்மையில் வலிக்கிற இடம் இதுதான்.

ஆனால் அந்த வலிக்குக் காரணம் விதி, வீரர் அல்ல. இன்னொன்றையும் சொல்கிறேன். முதல் ஒப்பந்தக் காலத்திலேயே எம்விபி போன்ற விருது வாங்கியவருக்கு 25-க்குப் பதில் 30 சதவீதம் கொடுக்கலாம் என்று 2011-ல் ஒரு விதி வந்தது. எல்லோரும் அதை ரோஸ் விதி என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயரிலேயே விதி, அந்தப் பணத்தைச் சொல்லியே அவருக்கு வசவு.

என்பிஏவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை, காயம்பட்டாலும் பணம் வரும். இது வீரர்களுக்கு யாரும் காட்டிய கருணை அல்ல. சங்கம் வைத்துப் பேரம் பேசி வாங்கியது. அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் ஒருவர் "என் கால் இன்னும் சரியில்லை" என்று வாய் திறந்து சொல்ல முடிகிறது. அப்போது கோல்டன் ஸ்டேட் அணியில் இருந்த கிளே தாம்சனைப் பாருங்கள். 2019 இறுதிச் சுற்றில் ஏசிஎல் கிழிந்தது. கிழிந்த காலோடு திரும்பி வந்து, எதிரணியின் தவறுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த மாதமே அணி 19 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த வருடம் மற்ற காலில் அக்கிலிஸ் அறுந்தது. 941 நாள் கழித்து வந்தார், 2022-ல் கோப்பையும் வாங்கினார். அங்கே ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே அவர் மூன்று கோப்பை வாங்கித் தந்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிகாகோவில் ரோஸுக்கு அந்த முதலீடு இல்லை.

அக்கிலிஸ் என்றேன். குதிகாலுக்குப் பின்னால் விரலை வைத்து மேலே தடவிப் பாருங்கள், கயிறு மாதிரி விறைப்பாக ஒன்று தட்டுப்படும். அதுதான். கெண்டைக்கால் சதை கீழே இறங்கி இந்த நாணாகித்தான் குதிகாலில் ஒட்டுகிறது. 2019-ல் அதே கோல்டன் ஸ்டேட் அணியில் இருந்த கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். எப்போது வருவார் என்று ஒரே நச்சரிப்பு. இறுதிச் சுற்றின் 5-வது ஆட்டத்துக்கு வந்தார், 12 நிமிடம் ஆடினார், அக்கிலிஸ் போனது. எதிரணியான டொரான்டோவின் அரங்கில் சில ரசிகர்கள் கைத்தட்டினார்கள். அந்த ஊர் வீரர்களே கையசைத்து அடக்க வேண்டியிருந்தது.

ஆறு வருடம் கழித்து, 2025 இறுதிச் சுற்று. இந்தியானா பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் கெண்டைக்கால் காயம். 7-வது ஆட்டம், முதல் 7 நிமிடத்தில் மூன்று மூன்று-புள்ளிகள், மொத்தம் 9. அப்புறம் கீழே விழுந்து தரையைக் கையால் அறைந்தார். அக்கிலிஸ். ஓக்லஹோமா சிட்டி 103-க்கு 91 என்று ஜெயித்தது. ரோஸ் விழுந்த ஆட்டத்தின் ஸ்கோரும் 103-க்கு 91. தற்செயல்தான், ஆனால் என் மனதிலிருந்து போக மறுக்கிறது. ஹாலிபர்ட்டன் பிறகு என்ன சொன்னார் தெரியுமா? மறுபடி அந்த நிலை வந்தாலும் ஆடத்தான் செய்வேன் என்றார். சொல்லட்டும். காத்திருந்த ரோஸ் மாதிரிதான் இவரும், தன் காலுக்குத் தானே முடிவு எடுத்தார்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். அணிகளின் எதிர்காலம் பற்றிப் பேச ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அதே 2025 ப்ளேஆஃபில் மூன்று பேருக்கு அக்கிலிஸ் அறுந்தது. மில்வாக்கியில் டேமியன் லில்லார்ட், பாஸ்டனில் ஜேசன் டேட்டம், அப்புறம் ஹாலிபர்ட்டன். மில்வாக்கி என்ன செய்தது? லில்லார்டுக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடி டாலரை 5 வருடத்துக்குப் பரப்பிவிட்டு அவரை விடுவித்தது. அதனால் சம்பள வரம்பில் கிடைத்த இடத்தில் இந்தியானாவின் மைல்ஸ் டர்னரைக் கூட்டி வந்தது. ஆக, ஒரு கால் போனதில் மில்வாக்கியின் கணக்கு மாறி, அங்கிருந்து இந்தியானாவின் அணியும் மாறியது. லில்லார்ட் தன் பழைய அணியான போர்ட்லேண்டுக்கே போனார், அது அவருக்கு நல்லதாகவே அமைந்தது. பாஸ்டன் செலவைக் குறைக்க ஜ்ரூ ஹாலிடேயையும் போர்ஸிங்கிஸையும் விட்டுவிட்டது. என் கருத்து, அக்கிலிஸ் அறுந்த இந்த மூன்று பேரையும் திரும்பி வந்து இரண்டாவது சீசனில்தான் எடை போட வேண்டும். முதல் சீசன் காலோடு பழகுவதற்கே சரியாகப் போய்விடும்.

ஷான் லிவிங்ஸ்டன் கதையைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். ஒரே மூச்சில் சொல்கிறேன். 2007-ல் கூடைக்கு அருகில் எம்பி ஒரு சாதாரண லேஅப் போட்டுவிட்டு இறங்கும்போது முழங்காலே மடங்கிப் போனது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அப்புறம் ஏழெட்டு அணிகள், குறைந்த சம்பளங்கள், ஆள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. 2014-ல் கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்தார். 2015, 2017, 2018, மூன்று கோப்பை, அதே காலோடு.

நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.