மினிட்ஸ் யார் எழுதுவது?

வணக்கம். இன்றைக்கு எடிட்டிங், மியூசிக் எதுவும் கிடையாது. உட்கார்ந்து பேசப்போகிறேன், அவ்வளவுதான். கையில் இந்த நோட்டு இருக்கிறது பாருங்கள். கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன். நீல மையில் கோடு கோடாக இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

நான் டேட்டா அனலிஸ்ட் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். எட்டு வருடத்தில் இரண்டு கம்பெனி பார்த்துவிட்டேன். இரண்டிலும் ஒரு காட்சி மட்டும் மாறவே இல்லை. மீட்டிங் ஆரம்பிக்கும். "மினிட்ஸ் யார் எழுதுகிறீர்கள்?" என்று மேனேஜர் கேட்பார். மீட்டிங்கில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்று குறித்துவைப்பதுதான் மினிட்ஸ். நாலு விநாடி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்காது. "நான் எழுதுகிறேன்" என்று சொல்லிவிடுவேன். நான் லீவு போட்ட அன்றைக்கு டீமில் இருக்கும் இன்னொரு பெண் அதையே சொல்லியிருப்பார்.

மினிட்ஸ் எழுதுவதை மட்டமான வேலை என்று சொல்லவில்லை. யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் கை எழுதிக்கொண்டே இருந்தால் வாய் எப்போது பேசும்? ஒரு மாடல், அதாவது பழைய டேட்டாவை வைத்து அடுத்து நடக்கப்போவதைக் கணிக்கிற நிரல், ஏன் தப்பாகக் கணிக்கிறது என்று விவாதம் நடக்கிறது. அந்த டேட்டாவை உட்கார்ந்து சுத்தம் செய்தவள் நான். எங்கே மதிப்புகள் விடுபட்டிருக்கின்றன, எங்கே ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவாகியிருக்கிறார், எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஆனால் முந்தைய ஆள் சொன்னதை எழுதி முடித்து நான் நிமிர்வதற்குள் முடிவு எடுத்துவிடுவார்கள். முந்தின நாள் நான் பேச்சுவாக்கில் சொன்ன காரணத்தையே இன்னொருவர் எடுத்துச் சொல்வார். அதை அவர் பெயரைப் போட்டு நானே எழுதிவைப்பேன்.

போன அப்ரைசலில், அதாவது நம் வேலையை எடைபோட்டுச் சொல்கிற மீட்டிங்கில், எனக்குச் சொல்லப்பட்டது இது: "நீங்கள் எல்லாருக்கும் உதவுகிறீர்கள், ஆனால் சொந்தமாக ஒரு மாடலை முடித்துக் கொடுத்ததில்லை." அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சொன்னது பொய்யில்லை. அதுதான் வலித்தது.

சரி, மற்றவர்களுக்காக நாள் முழுக்க எண்ணிக் கொடுக்கிறோமே, நமக்காக ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அப்படி வந்ததுதான் இந்த நோட்டு. 12 வாரம், வாரத்துக்கு ஒரு டீம் மீட்டிங். மினிட்ஸ், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, டாக்குமென்டேஷன், வேலையை விட்டுப் போகிறவருக்குப் பரிசு வாங்கப் பணம் வசூலிப்பது எல்லாம் ஒரு பக்கம். மாடல் கட்டுவது, கிளையன்ட் முன்னால் பேசுவது இன்னொரு பக்கம். யார் செய்தாரோ அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. எங்கள் டீமில் ஏழு பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். 12 மீட்டிங்கில் 11 தடவை மினிட்ஸ் எழுதியது நாங்கள் இரண்டு பேர்தான்.

இது என் சுபாவம், எனக்கு மறுக்கத் தெரியாது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஆய்வைப் படித்தேன். லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லுண்ட் உட்பட நான்கு பெண் ஆய்வாளர்கள் சேர்ந்து 2017-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாத மூன்று பேரை ஒரு குழுவாக்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் பட்டனை அழுத்த வேண்டும். யாருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு ஒரு டாலர்தான். ஒருவர் அழுத்தினால் அவருக்கு ஒன்றேகால் டாலர், மற்ற இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு டாலர். அதாவது யாராவது அழுத்தினால் எல்லாருக்கும் லாபம், ஆனால் அழுத்துகிறவருக்குத்தான் குறைச்சல். எங்கள் மீட்டிங்கின் அந்த நாலு விநாடி அப்படியே இதில் இருக்கிறது.

ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். அடுத்ததைக் கேளுங்கள். குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்தபோது, அவர்களும் பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்குச் சமமாக அழுத்தினார்கள்! அவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் பெண் இருந்தால் அவர் செய்வார் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறோம், அந்தப் பெண் உட்பட. நாலாவதாக ஒருவரை வைத்து "நீங்கள் அழுத்துகிறீர்களா?" என்று கேட்கச் சொன்னபோது, பெண்களிடம்தான் 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். கேட்டவர் பெண்ணாக இருந்தாலும் அதே கதைதான். ஆகவே இதை ஆண்கள் மேல் பழி போடும் வீடியோவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தபோது, மினிட்ஸை அவரிடம் தள்ளிவிட்டவள் நான்தான். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இது நேற்று முளைத்த பிரச்சினையும் இல்லை. எனியாக் என்ற கணினி 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். ஆறு பெயரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் சொன்னேன். ஆரம்பத்தில் அவர்களுக்கு அந்த இயந்திரம் இருந்த அறைக்குள் போகவே அனுமதி இல்லை. வரைபடங்களைப் பார்த்தே அது எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார்கள். கருவியைச் செய்வதுதான் பெரிய வேலை, அதை இயக்கச் சொல்லிக்கொடுப்பது எழுத்தர் வேலை மாதிரி என்பது அன்றைய எண்ணம். அறிமுக விழா பிரமாதமாக முடிந்தது. அன்று இரவு விருந்து. அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. அப்புறம் நிரல் எழுதுவதற்கு மதிப்பும் சம்பளமும் ஏறியது. அதே அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1980-களின் நடுவில் சுமார் 37 சதவீதம் இருந்தார்கள். 2010 வாக்கில் அது சுமார் 18 சதவீதம். காலம் போகப் போகத் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் ஞாபகம் வரும்.

டேட்டா வேலையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய வழக்கம் டேட்டாவாக மாறி நம்மிடமே திரும்பி வருகிறது. வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அமேசான் 2014 முதல் ஒரு மென்பொருளை உருவாக்கியது. பத்து வருட விண்ணப்பங்களை வைத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கடைசியில் 'மகளிர்' என்ற சொல் இருந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைக்க ஆரம்பித்தது. அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி மூலம்தான் வெளியே தெரிந்தது. டேட்டாவைத் துடைக்கிற ஆளுக்கு மீட்டிங்கில் பேச இடம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இந்த டேட்டாவில் யார் இல்லை என்பது முதலில் அவர் கண்ணில்தான் படும்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். மேனேஜரிடம் தனியாக நேரம் கேட்டு, இதை அவர் முன்னால் வைத்தேன். குறை சொல்லவில்லை, எண்ணிக்கையை மட்டும் காட்டினேன். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். யார் எழுதுகிறார்கள் என்று அவர் கவனித்ததே இல்லை. இனிமேல் கேட்க வேண்டாம், பெயர் வரிசைப்படி ஒருவர் மாற்றி ஒருவர் எழுதட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். முதல் வாரம் ஒருவர் மொத்தமே மூன்று வரி எழுதினார். "நீங்கள் நன்றாக எழுதுவீர்களே, பேசாமல் நீங்களே..." என்று மேனேஜர் இழுத்தார். அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது எனக்கு. "அவரும் எழுத எழுதப் பழகிவிடுவார்" என்று சொன்னேன். இப்போது நன்றாகவே எழுதுகிறார்.

சம்பள வித்தியாசம், பிரசவ விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களின் நிலை, இதெல்லாம் இதைவிடப் பெரிய விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வீடியோ போட வேண்டும், போடுவேன்.

போன வாரத்து மினிட்ஸ் இது. பெயர்களை மறைத்துவிட்டேன், ஆனால் இந்த ஐந்தாவது வரி என்னுடையது. ஒரு மாடலின் டேட்டாவைப் பற்றி நான் சொன்னது, வேறொருவர் கையால் என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாடலை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் முடிக்கவில்லை. அப்ரைசலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. நோட்டையும் எடுத்துக்கொண்டுதான் போவேன். என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்கிறேன்.