அடுத்த தலைமுறைக்கான செல் எது?

நேயர்களுக்கு வணக்கம்.

செல் பகுப்பைப் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று அழைத்தபோது முதலில் தயங்கினேன். கரும்பலகையில் படம் வரையாமல் இந்தப் பாடத்தை யாரும் நடத்துவதில்லை. ஆனால் பாதிக் குழப்பத்துக்குக் காரணமே அந்தப் படங்கள்தான் என்று தோன்றுகிறது. புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று பகுப்பின் கட்டங்களைப் பெட்டி பெட்டியாக வரைந்துவிடுகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் செல் சற்று நேரம் நின்று இளைப்பாறிவிட்டுப் போவதாக மாணவர் நினைத்துக்கொள்கிறார். அப்படியெல்லாம் இல்லை. ஆய்வகத்தில் வளரும் மனித செல் ஒன்று ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதில் பகுப்பு நடப்பது சுமார் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வளர்வதற்கும் டிஎன்ஏவைப் படியெடுப்பதற்கும் போய்விடும். பகுப்பு தொடங்கிவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் நின்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒரு செல்லும் உண்டு. அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

ஜெர்மானிய அறிவியலாளர் வால்தர் ஃபிளெமிங், சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளம் உயிரிகளை ஆராய்ந்தவர். அவற்றின் செல்கள் பெரியவை. சாயமேற்றிப் பார்த்தால் உட்கருவுக்குள் டிஎன்ஏவைத் தாங்கும் இழைகள், அதாவது குரோமோசோம்கள், தெளிவாகத் தெரியும். அந்த இழைகள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பாதிப் பாதியாக இரு பக்கமும் போவதை அவர் விவரித்து 1882இல் நூலாக வெளியிட்டார். அதே காலத்தில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் தாவர செல்களிலும் இதே நடனத்தைக் கண்டார். வெங்காய வேரின் நுனியும் மனிதத் தோலின் அடியடுக்கும் தம் குரோமோசோம்களைப் பங்கிடும் முறை அடிப்படையில் ஒன்றே. அதுதான் மைட்டாசிஸ். ஒரு செல் இரண்டாகும், இரண்டிலும் ஒரே சரக்கு.

வேறுபாடு கடைசிக் கட்டத்தில் வருகிறது. மனித செல்லுக்குச் சுவர் இல்லை. அதனால் நடுவில் ஒரு புரத வளையம் இறுகி, சுருக்குப் பையின் வாயைப் போலச் செல்லை இரண்டாக நெரித்துவிடும். தாவர செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது, அதை நெரிக்க முடியாது. எனவே அது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் புதிய தடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறது. இதைச் செல் தட்டு என்கிறோம். சில இடங்களில் தாவரம் தடுப்புக் கட்டுவதையே தள்ளிப்போடும். இளநீர் அப்படிப்பட்ட ஒன்று: உட்கருக்கள் மட்டும் பெருகி, சுவர் எழும்பாமல் நீரில் மிதக்கின்றன.

இந்தச் சுவரின் விளைவு எதிர்பாராத ஓரிடத்திலும் தெரியும். அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா தாக்கினால் செடியின் தண்டில் கட்டி வளரும். அங்கேயும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. ஆனால் சுவருக்குள் அடைபட்ட செல் இடம்பெயர முடியாது. அதனால் கட்டி அங்கேயே நின்றுவிடும், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மனிதரின் புற்றுநோயை இவ்வளவு ஆபத்தாக்குவது, இரத்தத்தோடு கிளம்பி வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறும் அதன் திறன்.

மனிதக் குரோமோசோம் எத்தனை என்பதைச் சரியாக எண்ணியதிலும் ஒரு தாவரத்துக்குப் பங்கு உண்டு. 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 48 என்றே எல்லோரும் நம்பினார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ச்சியோவும் ஆல்பர்ட் லெவானும் 1955இன் இறுதியில் எண்ணிப் பார்த்து, மறு ஆண்டு 46 என்று வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று கால்ச்சிசின். நம் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சு. குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் கதிர் இழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். பகுப்பு நடுவழியில் நிற்க, குரோமோசோம்கள் எண்ணுவதற்குத் தோதாகக் கிடைக்கும்.

இனி மியாசிஸுக்கு, அதாவது இனப்பெருக்கச் செல்லுக்கு வழிசெய்யும் பகுப்புக்கு, வருவோம். இனப்பெருக்கச் செல்லில் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் அது இரட்டித்துவிடும். 23 இணைகளில் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். அதைக் கொண்டே 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைச் சேர்க்கைகள் கிடைக்கும். பிரியும் முன் இணைகள் தமக்குள் துண்டுகளையும் பரிமாறிக்கொள்வதால், அதற்குப் பின் கணக்குக்கு எல்லையே இல்லை. உடன்பிறந்தவர்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இல்லையே என்று வியக்கிறோம். சாயல் ஒத்துப்போவதுதான் எனக்கு வியப்பு.

பெண் செல் உருவாகும் விதத்தில் பூவும் மனிதரும் ஒத்துப்போகும் ஓர் இடம் இருக்கிறது. பாடநூல்கள் இதை இரண்டு வேறு அதிகாரங்களில் வைப்பதால் பலர் கவனிப்பதில்லை. மியாசிஸ் முடிவில் நான்கு செல்கள் வர வேண்டும். பூவின் சூலுக்குள் நான்கு வரும், பெரும்பாலான இனங்களில் அவற்றில் மூன்று அழிந்துவிடும். மனித அண்டகத்தில் பங்கீடே சமமாக இருப்பதில்லை. உட்கருவைச் சூழ்ந்த கூழான சைட்டோபிளாசம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே செல் எடுத்துக்கொள்ள, மிச்சம் சிறு துருவ உறுப்புகளாகக் கழிந்துவிடும். வழி வேறு, முடிவு ஒன்று: வளரப்போகும் கருவுக்கான சேமிப்பு ஒரே செல்லில் குவிகிறது.

ஆனால் அடுத்த தலைமுறைக்கான செல் எப்போது ஒதுக்கப்படுகிறது என்று கேட்டால் தாவரமும் மனிதரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்.

மனிதக் கரு உருவான மூன்றாம் வாரத்திலேயே, அடுத்த தலைமுறைக்கான செல்கள் தனியே அடையாளம் காணக் கூடியவையாகிவிடுகின்றன. பெண் கருவாக இருந்தால் அவை பெருகி, ஐந்தாம் மாதவாக்கில் 60 முதல் 70 லட்சம் வரை இருக்கும். மியாசிஸும் அங்கேயே, தாயின் வயிற்றுக்குள்ளேயே தொடங்கி, முதல் கட்டத்தில் நின்றுவிடுகிறது. நான் முன்பு சொன்ன காத்திருக்கும் செல் இதுதான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3, 4 லட்சம் என்று குறைந்து, வாழ்நாளில் வெளிவருவது நானூறு, ஐந்நூறு. சில செல்கள் நாற்பது ஆண்டுகள்கூட அப்படியே நிற்கின்றன. குரோமோசோம் இணைகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அதற்குள் தளர்ந்துபோனால், பிரியும்போது பங்கீடு பிசகும். டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதற்குத் தாயின் வயது ஒரு காரணமாவது இப்படித்தான். உடனே பெண்ணின் வயதைச் சுட்டிப் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆணின் விந்தணுத் தாய்ச்செல்கள் பருவமடைந்த நாள் முதல் முதுமை வரை ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு படியெடுப்பிலும் பிழை நேரலாம். தந்தையின் வயது கூடும்போது பிள்ளைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்களும் கூடுகின்றன.

தாவரமோ இந்த முடிவைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறது. விதை முளைத்தபோது, எந்தச் செல் மகரந்தமாகும், எந்தச் செல் சூலாகும் என்று எதுவும் குறிக்கப்பட்டிருக்காது. கிளை நுனியில் புதிய செல்களைத் தந்துகொண்டிருக்கும் ஆக்குத்திசு இலையாக்கிக்கொண்டே போய், காலம் வந்ததும் பூவாக்கத் திரும்பும். அதற்குப் பிறகுதான் மியாசிஸ். அந்த மியாசிஸும் நேரடியாக மகரந்த ஆண் செல்லையோ அண்ட செல்லையோ தருவதில்லை. வித்துகள் (ஸ்போர்கள்; விதைகள் அல்ல) என்னும் செல்களைத் தருகிறது, அவை மைட்டாசிஸில் மேலும் பிரிந்த பிறகே இனப்பெருக்கச் செல்கள் வரும். தேர்வுத்தாள்களில் மதிப்பெண் பறிபோகும் இடம் இது. அதற்குப் பின் இரட்டைக் கருவுறுதல். ஓர் ஆண் செல் அண்டத்தோடு சேர்ந்து கருவாகும், இன்னொன்று நடுவிலுள்ள இரு உட்கருக்களோடு சேர்ந்து உணவுத் திசுவாகும். 1898இல் ரஷ்யரான செர்கேய் நவாஷின் இதைக் கண்டுபிடித்தார்.

கைத்தோலில் வெயிலால் ஒரு மரபணு மாற்றம் நேர்ந்தால் அது அந்த மனிதரோடு முடிந்துவிடும். மரத்தில் கிளை நுனியில் நேர்ந்த மாற்றம் அந்தக் கிளையின் பூவுக்கும் விதைக்கும் போக வழி இருக்கிறது. அப்படியானால் முதிர்ந்த மரங்கள் பிழைகளின் மூட்டையாக இருக்க வேண்டாமா? ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 234 வயதுள்ள ஓக் மரம் ஒன்றின் கீழ்க்கிளையையும் மேல்கிளையையும் ஒப்பிட்டு 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மாற்றங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. நுனியின் மைய செல்கள் அடிக்கடி பிரிவதில்லை, தம்மை ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம்.

மியாசிஸ் நடக்காமலே பிழைக்கும் தாவரங்களும் உண்டு. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்று. மூன்று இருந்தால் இணை சேர முடியாது, அதனால் விதையும் இல்லை. பக்கக்கன்றுகள் மைட்டாசிஸால் மட்டுமே பெருகுகின்றன. வசதிதான், ஆனால் தோட்டம் முழுவதும் ஒரே மரபு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பனாமா வாடல் நோய் வந்தபோது ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகம் வீழ்ந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷை இப்போது அதே பூஞ்சையின் புதிய வகை தாக்குகிறது. நோயைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் மரபைக் கலக்க வேண்டும். அதற்காகத்தான் வாழை ஆராய்ச்சியாளர்கள், பல்லில் கடிபடும் கல் விதைகள் நிறைந்த காட்டு வாழைகளின் மகரந்தத்தைச் சேகரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.