வீணீர் வடியும் மாடு

வணக்கம் நேயர்களே. மத்தியான வெயிலில் மாடு நாக்கை நீட்டி, நுரை நுரையாக வீணீர் வடித்துக்கொண்டு நின்றால், உமிழ்நீர் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது என்றே தோன்றும். வயிற்றுக்குப் போவதோ குறைவு. போவதிலும் அமிலத்தை அடக்கும் காரம் குறைவு.

நன்றாகத் தின்று அசைபோடும் பெரிய கறவைப்பசு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல் உமிழ்நீரை விழுங்கும். அதிலுள்ள பைகார்பனேற்றும் பொஸ்பேற்றும்தான் முதல் இரைப்பையின் அமிலத்தை அடக்குகின்றன. வெக்கையில் மாட்டுக்கு மூச்சிரைக்கும்போது காபனீரொட்சைட்டு மூச்சோடு அளவுமீறி வெளியேறி, இரத்தம் காரமாகிவிடும். அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேற்றைச் சிறுநீரில் கழித்துவிடும். இரத்தத்தில் குறைந்தது உமிழ்நீரிலும் குறையும். அசைபோடுவதும் குறைய, இரத்தம் காரமாக இருக்கும்போதே வயிறு புளிக்கிறது. பாலில் கொழுப்பு இறங்குவதும் சாணம் இளகுவதும் இதனால்தான்.

கொழும்பில் இரவும் பெரிய ஆறுதல் இல்லை. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிடும் சுட்டெண் 72ஐத் தாண்டினால் சீமைக் கறவைப்பசுக்கள் அவதிப்படத் தொடங்கும். 26 பாகை செல்சியசும் 85 வீத ஈரப்பதனும் உள்ள இரவிலேயே அது ஏறக்குறைய 77.

புல் தின்னவில்லையே என்று தவிட்டையும் புண்ணாக்கையும் கூட்டிக் கொடுப்பதுதான் வழக்கமான பிழை. அமிலம் இன்னும் ஏறும். புல்லை விடியற்காலையிலும் பொழுதுசாய்ந்த பிறகும் போடுங்கள். பொடிப்பொடியாக நறுக்க வேண்டாம். இரண்டு மூன்று அங்குலம் இருந்தால்தான் மாடு மெல்லும், மென்றால்தான் உமிழ்நீர் ஊறும். தோல் நனையத் தண்ணீர் ஊற்றி, உடனே மின்விசிறியைப் போடுங்கள். காற்றோட்டமில்லாத கொட்டிலில் தண்ணீர் மட்டும் தெளித்தால் ஈரப்பதன் கூடி மாட்டுக்கு இன்னும் மூச்சிரைக்கும்.

குறைந்துபோன பைகார்பனேற்றுக்கு ஈடாக, மாடொன்றுக்கு நாளுக்கு அப்பச்சோடா (சோடியம் பைகார்பனேற்று) 100 முதல் 150 கிராம் வரை, இரண்டு வேளையாகப் பிரித்துத் தீவனத்தில் கலக்கலாம். தண்ணீரில் கரைத்தால் சில மாடுகள் குடிக்காது, வெயில் நாளில் அது இரட்டை நட்டம்.

நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு குளிர்ந்த பின்னும் வீணீர் நிற்காவிட்டால் வெயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். நாக்கில், ஈறில், குளம்பிடுக்கில் கொப்புளமோ புண்ணோ இருந்தால் கால்-வாய் நோயாக (கோமாரி) இருக்கலாம். அந்த மாட்டைத் தனியே கட்டிவிட்டு, அன்றைக்கே கால்நடை வைத்தியரை அழையுங்கள்.