நாளைப் போவேன் என்றவர்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் நாற்காலி போட்டுத் தந்த பந்தல்கார அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

கலையும் எழுத்தும் முக்தியைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பேசச் சொன்னார்கள். நந்தனார் கதையை எடுத்துக்கொள்கிறேன். சேக்கிழார், கோபாலகிருஷ்ண பாரதியார், புதுமைப்பித்தன் மூவரும் அதை எப்படிச் சொன்னார்கள் என்று பார்ப்போம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார் என் பாட்டி. முக்தியும் அப்படித்தான் என்பது என் கட்சி.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில், ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்குகிறது, தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட அவர் வாசலில் நிற்கிறார். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி விலகியது. தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லியே திருநாளைப்போவார் ஆனார். கடைசியில் தீயில் இறங்கி, முனிவர் வடிவில் எழுந்துதான் உள்ளே போகிறார். சரி, அவருக்கு முக்தி கிடைத்தது. அவர் தெருக்காரர்களுக்கு? சின்ன வயதிலிருந்தே என்னை உறுத்தும் கேள்வி இது.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்தார். சாமி கும்பிடப் போகவும் முதலாளியிடம் உத்தரவு கேட்க வேண்டும், முதலில் வயல் வேலையை முடிக்க வேண்டும். இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டு மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். பிள்ளையோ பெரும் புலவர், இலக்கணப் பிழைகளைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பாரதியாரும் விடாமல் நடந்தார். ஒரு நாள் மத்தியானம் பிள்ளை உள்ளே படுத்திருக்கிறார், எழுப்ப மனமில்லாமல் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடுகிறார். விழித்துக்கொண்ட பிள்ளை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாள் அலையவிட்டோமே என்று வருந்திப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் பாட்டு உள்ளே இருந்தவரை மாற்றியது என்று நான் இதைப் படிக்கிறேன். கேட்டவர் மாறினாரே, கலை தரும் விடுதலை அதுதான்.

புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ கதையை நீங்களே படியுங்கள், நேரமில்லை. எங்கே படிப்பது? நம் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் கல் குவாரிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள் வீடு திரும்பும்போது அங்கே பூட்டு தொங்குகிறது. மாலை ஏழு மணி வரை திறங்கள் என்று இரண்டு வருடமாக மனு கொடுக்கிறோம், ‘நாளைப் பார்க்கலாம்’ என்கிறார்கள். நந்தனார் சொன்ன அதே நாளை! இன்னும் எத்தனை பேர் வாசலில் நிற்பது? ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், ஐயா. தலைமையாசிரியர் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், எழுதத் தெரியாத அம்மாக்கள் கைநாட்டு வையுங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லோருமாக எடுத்துப் போகிறோம், வேன் சொல்லியாகிவிட்டது. நன்றி, வணக்கம்.