ஆமைக்கும் செக்ரோல்

நேயர்களுக்கு வணக்கம்.

பேச அழைத்த தம்பி, "ஐயா, கடல் பாதுகாப்பு மையத்துக்குத் தொண்டூழியம் செய்யப் போறீங்களாமே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார். நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை பார்த்து ஓய்ந்தவன். முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை. முப்பத்தொரு வருடம் வெளிக்காட்டுக் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணுவேன். பிறகு நிரை நிரையாக நடந்து, வெட்டிப் போட்ட குலையில் பழம் எத்தனை, காய் எத்தனை, காம்பில் யார் நம்பர் இருக்கிறது என்று பார்த்துச் சாயங்காலம் செக்ரோலில், அதாவது ஆள் கணக்குப் புத்தகத்தில், ஏற்றுவேன். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. கோயில் படியைக்கூட எண்ணிக்கொண்டுதான் ஏறுகிறேன்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஆமை முட்டை ஓடு எண்ணுகிறேன். டீக்கடையில் பழைய கூட்டாளிகள், "என்ன கிராணி, ஆமைக்கும் செக்ரோலா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், செக்ரோல்தான்.

எங்கள் தோட்டத்திலிருந்து கடல் மோட்டார்சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனாலும் சின்ன வயதில் கடல் என்றால் எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள். தெலுக் பஹாங்கில் மாசி மகத்துக்குத் தேர் கடலில் இறங்கும்போது லாரி ஏறிப் போவோம். கணுக்கால் நனைந்தாலே அம்மா கத்துவார். அப்பாயி கரைப்பக்கமே வரமாட்டார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வந்து சேரும் வரை வாந்தி எடுத்தவர் அவர். "போதும்டா அந்தத் தண்ணி" என்பார்.

அப்பாயி அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்த சொற்களை, இந்த வயதில்தான் நான் கற்றுக்கொள்கிறேன். தமிழ்நாட்டு மீனவர்களிடம் ஒவ்வொரு கடலாமைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பேராமை, சிற்றாமை, அழுங்காமை, முதுகில் வரி வரியாக மேடு ஓடுகிற ஏழுவரி ஆமை. அந்த ஏழுவரியைத்தான் மலாய்க்காரர்கள் 'பென்யு பெலிம்பிங்' என்கிறார்கள். பெலிம்பிங் என்றால் நட்சத்திரப் பழம், அதன் விளிம்பு தெரியுமல்லவா? அங்கே ஒருவன் வரியைப் பார்த்தான், இங்கே ஒருவன் பழத்தைப் பார்த்தான். தோட்டத்தில் நாங்கள் எல்லாவற்றையும் ஆமை என்று சொல்லி முடித்துவிட்டோம்.

சரி, இடத்தைச் சொல்கிறேன். தெலுக் பஹாங் ரோடு முடிகிற இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2003-இல் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம். இன்னொரு பக்கம் கெராச்சுட் கரையில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம். காட்டு வழியே நடக்கலாம், இல்லையென்றால் படகு. 2014-இல் பத்து காவானில் இரண்டாவது பாலம் திறந்த பிறகு நம் பக்கத்து ஆட்களுக்குத் தீவு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. கெராச்சுட்டில் ஓர் ஏரியும் உண்டு. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், ஒன்றோடொன்று கலப்பதில்லை. சில மாதம் வற்றியும் போகும். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

ஆமை பார்க்கக் கரைக்குப் போன முதல் நாள் ராத்திரி நான் செய்த கூத்தைச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். நிலா இல்லை. அதிகாரி முன்னே, நாங்கள் நாலு பேர் பின்னே, ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிறோம். மணலில் ஒரு தடம். தோட்டத்துக்காரன் கண்ணுக்கு டிராக்டர் டயர் தடம்தான், சந்தேகமே இல்லை. பேராமை இரண்டு முன் துடுப்பையும் ஒன்றாக ஊன்றி நகர்வதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அச்சு விழும். சிற்றாமை மாற்றி மாற்றி ஊன்றும், அச்சும் மாறி மாறி விழும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, பக்கத்தில் ஏதோ பெருமூச்சு விடுகிறது என்பது மட்டும். பாம்போ என்று பயந்து டார்ச்சை அடித்துவிட்டேன். பாதிக் கரை ஏறியிருந்த ஆமை அப்படியே நின்றது. திரும்பியது. தண்ணீருக்குள் போயே போய்விட்டது.

அதிகாரி என் மகன் வயசுப் பையன். திட்டவில்லை. "தூத்துப் லம்பு, அங்கிள்" என்றான், விளக்கை அணைக்கச் சொன்னான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும், அதே ராத்திரி கொஞ்ச நேரம் கழித்தோ அடுத்த ராத்திரியோ மறுபடி ஏறிப் பார்க்கும் என்று அப்புறம் விளக்கினான். அது மறுபடி ஏறியதா என்று அறிய அடுத்த சனிக்கிழமை வரை காத்திருந்தேன். ஏறியிருக்கிறது. அதே ஆமைதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பேராமை ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். பிங்பாங் பந்து அளவு, ஆனால் ஓடு தோல் மாதிரி, அழுத்தினால் குழியும். அதைச் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், குலுக்காமல் எடுத்துப் பொரிப்பகத்து மணலில் புதைக்க வேண்டும். நேரம் போனால் உள்ளே கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால் கரு செத்துப்போகும். குழி குடம் மாதிரி, மேலே குறுகி அடியில் அகன்று இருக்க வேண்டும். தோள் வரை கையை விட்டுத் தோண்ட வேண்டும். மேலே ஒரு பலகையில் வகை, தேதி, முட்டைக் கணக்கு.

சுமார் இரண்டு மாதம். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேலே போனால் பெட்டை கூடும், கீழே இறங்கினால் ஆண் கூடும். அதனால்தான் அங்கே நிழல் வலை கட்டுகிறார்கள், சூட்டைக் குறித்து வைக்கிறார்கள். திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஏழுவரி ஆமை வருடத்துக்குப் பத்தாயிரம் கூடு வரை போட்டது. இப்போது அங்கே அது அநேகமாக இல்லை. முட்டையைத் தோண்டித் தின்றோம், வலையில் மாட்டவிட்டோம். காப்பாற்றப் பொரிப்பகம் வைத்தபோதும், மணல் சூடு மிஞ்சியதால் பொரித்தவை கிட்டத்தட்ட முழுக்கப் பெட்டை என்று பின்னால் ஆய்வில் தெரிந்தது. இதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல மனதோடு செய்த வேலை, சூட்டுக் கணக்கு பார்க்காமல் செய்த வேலை.

என் வேலை குஞ்சுகள் போன பிறகு. ஓரிரு நாள் விட்டுக் கூட்டைத் தோண்டி, உள்ளே மிஞ்சியதைப் பிரித்து எண்ண வேண்டும். காலி ஓடு, பொரிக்காத முட்டை, பாதி வளர்ந்தது, வெளியே வர முடியாமல் செத்தது. நாற்றம் சொல்ல முடியாது. கையுறை போட்டாலும் நகக்கண்ணில் ஏறும். பழக்குலை, காய்க்குலை பிரித்தவனுக்கு இது புது வேலை இல்லை.

ஒரு தடவை பலகையில் 104 என்று இருந்தது. எனக்கு 103 தான் வந்தது. ஒன்றுதானே, விட்டுவிடலாம் என்று பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் சொன்னான். ஒன்று குறைந்தால் துரையிடம் நின்றவன் நான். மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவை ஒரு ஓட்டைத் தூக்கும்போது கனம் சற்று வேறாகத் தெரிந்தது. விரல் விட்டுப் பார்த்தால், உள்ளே இன்னொரு ஓடு சுருண்டு செருகிக்கொண்டிருக்கிறது, வெற்றிலைச் சுருள் மாதிரி. 104. அன்றைக்குச் சம்பளம் வாங்கிய சந்தோஷம்.

மாதம் ஒரு நாள் அலையாத்தி நாற்று வேலையும் உண்டு. எங்கள் லயத்தில் நாற்றுமேடை பார்த்த அக்கா ஒருவரைக் கூட்டிப்போனேன். பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. அவர் ஒரு பார்வை பார்த்து, "இது பாலிபேக் வேலைதானே கிராணி" என்று சேற்றில் இறங்கிவிட்டார். மாணவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அக்கா மூன்று வரிசை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்க மட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மணலை விட்டு வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருதான் கட்டுச்சோறு. அதை வைத்துக்கொண்டு முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்திக் கரையைத் தாண்ட வேண்டும். படத்துக்காகத் தொட்டியில் பிடித்து வைத்தால் கட்டுச்சோறு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு நாள் பஸ் நிறைய வந்து போவதைவிட, மாதாமாதம் ஒரே சனிக்கிழமை தவறாமல் வருகிற ரெண்டு ஆள் போதும் என்பது என் கட்சி. பல ராத்திரி ஒன்றுமே வராது. கொசுவும் நாமும்தான். அதற்கும் ஆள் வேண்டும்.

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அனுமதிக் கடிதம் உண்டு, அதிகாரிகள் கூடவே இருப்பார்கள், கடலில் யாரையும் இறக்குவதில்லை. சம்பளம் கிடையாது, சாப்பாடு நாம் கட்டிக்கொண்டு போக வேண்டும். கொசு மருந்து தடவிய கையைக் கழுவாமல் முட்டையைத் தொடக்கூடாது.

வரும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பழைய ரயில் நிலையத்துப் பக்கம் எங்கள் வேன் நிற்கும். இரண்டு இடம் காலி. டார்ச் மட்டும் கொண்டு வராதீர்கள்.

வணக்கம்.